அந்தக் கையெழுத்துகளைத் திரும்பப் பெறுங்கள்

எங்கள் பள்ளி வட்டாரத்துத் தமிழ்ப் பெற்றோர் குழுவுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திலிருந்து லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ நாவலை எடுத்துவிடச் சொல்லிக் கல்வி வாரியத்துக்குப் போன மனுவில் நம் குழுவின் பெயரும் இருக்கிறது. தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த இடத்தில் தாள் கைமாறியது, பலர் கையெழுத்துப் போட்டீர்கள். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என் வேண்டுகோள் ஒன்றுதான்: வாரியம் கூடுவதற்குள் அந்தக் கையெழுத்துகளைத் திரும்பப் பெறுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது, பாலியல் வன்கொடுமையைச் சொல்லும் ஒரே ஒரு பக்கத்தின் படம். அந்தப் பக்கம் நாவலில் பாதிக்கு மேல் தாண்டித்தான் வருகிறது. பள்ளியின் நான்கு காலாண்டுகளாகக் கதை பிரிந்திருக்கிறது. கதையைச் சொல்லும் ஒன்பதாம் வகுப்புப் பெண் மெலிண்டா, தனக்கு என்ன நடந்தது என்பதை மூன்றாவது காலாண்டில்தான் நமக்கே முழுதாகச் சொல்கிறாள். அதுவும் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம், யாரிடமும் சொல்ல முடியாமல் போனதால் அவளுக்கு என்ன ஆயிற்று என்பதுதான்.

கோடை விடுமுறையின் கடைசியில் ஒரு பார்ட்டி. அங்கே பெரிய வகுப்புப் பையன் ஒருவன் அவளைப் பாலியல் வன்கொடுமை செய்கிறான். 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கிறாள், பேச வாய் வரவில்லை. போலீஸ் வந்து பார்ட்டி கலைகிறது. பள்ளி திறந்ததும் போலீஸைக் கூப்பிட்டவள் என்று மொத்தப் பள்ளியும் அவளை ஒதுக்குகிறது. சின்ன வயதுத் தோழி ரேச்சல்கூட முகம் கொடுப்பதில்லை. ஏன் கூப்பிட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள். துப்புரவுப் பணியாளரின் பழைய சாமான் அறையில் போய் ஒளிந்துகொள்கிறாள். வகுப்பில் வாய்விட்டுப் படிக்க மறுத்ததற்குத் தண்டனையும் வாங்குகிறாள்.

அவளுடைய அப்பா அம்மா கொடுமைக்காரர்கள் இல்லை. வேலைக்கு ஓடுகிறவர்கள். வீட்டில் பாதிப் பேச்சு சமையலறை மேடையில் வைக்கும் சீட்டுகளில்தான் நடக்கிறது. மதிப்பெண் அட்டை வந்தால் மட்டும் சத்தம் போடுகிறார்கள். ஒருநாள் காலை, மகளின் மணிக்கட்டில் கீறல் இருப்பதை அம்மா பார்த்துவிடுகிறாள். பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்கிறாள். இரண்டு மகள்களை வளர்க்கிறவளாக, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கீறல் கண்ணில் பட்டுவிட்டது, என்னம்மா ஆச்சு என்று கேட்டிருந்தால் போதும், அந்தக் கேள்வி வரவில்லை. மார்க் குறைந்ததைப் பற்றி எத்தனை விசாரணை நடக்கிறது அந்த வீட்டில்! குழுவில் படம் எடுத்துப் போட வேண்டிய பக்கம் அதுதான்.

அவள் பேசாமல் இருந்ததால் வந்த ஆபத்து அவளோடு நிற்கவில்லை. அதே பையன் அடுத்து ரேச்சலோடு சுற்ற ஆரம்பிக்கிறான். மெலிண்டா நூலகத்தில் உட்கார்ந்து தாளில் எழுதிக்காட்டுகிறாள், முதலில் ரேச்சல் நம்ப மறுக்கிறாள். கழிப்பறைச் சுவரில் அவன் பெயரை எழுதி வைத்தால், அதன் கீழே வேறு பெண்களும் அவனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டு அதே பள்ளிக்குள் நடமாடியிருக்கிறார்கள்.

இந்தப் புத்தகம் ஆண்பிள்ளைகளுக்கு எதிரானது என்றும் மனு சொல்கிறது. புதிதில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, 2020ஆம் ஆண்டில் அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்களின் பட்டியலில் இது 4ஆம் இடத்தில் இருந்தது. அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. மெலிண்டாவின் வகுப்பில் டேவிட் என்று ஒரு பையன் வருகிறான். அநியாயமாகப் பேசும் ஆசிரியரை எதிர்த்து நிற்கிறான், வாயைத் திறந்து கேட்டால்தான் உரிமை கிடைக்கும் என்று அவளுக்கு எடுத்துச் சொல்கிறான். உங்கள் மகன் அவனைப் படித்துத் தெரிந்துகொள்வதில் என்ன கெடுதல்?

1999இல் இதை எழுதிய ஆண்டர்சன், 13 வயதில் தனக்கு நேர்ந்த வன்கொடுமையை 2019இல் வந்த ‘ஷவுட்’ என்ற கவிதை நூலில் எழுதினார். அதைப் புத்தகமாக எழுத அவருக்கே அத்தனை காலம் பிடித்திருக்கிறது. நம் பிள்ளைகள் மட்டும் கேட்காமலே நம்மிடம் வந்து சொல்லிவிடுவார்கள் என்று எப்படி நம்புகிறோம்?

நாம் கூடினால் என்ன பேசுகிறோம்? எஸ்ஏடி நுழைவுத் தேர்வு, கல்லூரி, அரங்கேற்றத்துக்கு மண்டபம். பெண் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால் இந்த வயசில் அப்படித்தான் என்று முடித்துவிடுகிறோம். ஏதாவது ஒரு மாமா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று குழந்தை அடம்பிடித்தாலும், பெரியவர்களிடம் மரியாதையில்லை என்று அதைத்தான் திட்டுகிறோம். ஒரு பெண் துணிந்து சொல்லிவிட்டாலும், இனி அவளை யார் கட்டுவார்கள் என்பதுதான் முதல் கவலை. கடல் தாண்டி வந்தும் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்பதை நாம் விடவில்லை. இதைப் பற்றிப் பேச நம் குழு ஒரு கூட்டம்கூட நடத்தியதில்லை. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் பேச முன்வந்தார், அதை நிறுத்த மட்டும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்துவிட்டோம். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, மனுவுக்கே வருகிறேன். உங்கள் பிள்ளை இதைப் படிக்க வேண்டாம் என்றால், ஆசிரியரிடம் வேறு புத்தகம் கேட்டு வாங்கலாம். அந்த வசதி நம் பள்ளியில் இப்போதே இருக்கிறது. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏன் கதவை அடைக்க வேண்டும்? அந்த வகுப்பில் இப்படி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணாவது உட்கார்ந்திருக்கக்கூடும். அவள் தமிழ்ப் பெண்ணாகவும் இருக்கலாம். அவளுடைய அம்மாவின் கையெழுத்தே அந்த மனுவில் இருக்கலாம்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன், கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள். புத்தகம் ஏறக்குறைய 200 பக்கம்தான், வார இறுதியில் முடித்துவிடலாம். என்னிடம் உள்ள பிரதியைத் தமிழ்ப் பள்ளி அலுவலகத்தில் வைக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். படித்த பிறகும் கூடாது என்று தோன்றினால் வாரியக் கூட்டத்துக்கு நேரில் வந்து சொல்லுங்கள், நானும் வந்து என் பக்கத்தைச் சொல்கிறேன். மனு குழுவின் பெயரில் போனதால், திரும்பப் பெறும் கடிதமும் குழுவின் பெயரில்தான் போக வேண்டும். அதற்கான வரைவை எழுதி வைத்திருக்கிறேன். பொறுப்பாளர்கள் தயவுசெய்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா