ஆறாம் வகுப்போடு தமிழ் நின்றுபோக வேண்டாம்: கத்தோலிக்கக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீசியஸ் கத்தோலிக்கக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் ரோஸ்-ஹில்லில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. முப்பத்தொரு வருடம் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒன்பது வருடம் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில். காலையில் வராந்தாவில் நின்று ஜெபம் சொல்லிவிட்டு, அதே பிள்ளைகள் என் வகுப்புக்கு வந்து ‘அறம் செய விரும்பு’ சொல்வார்கள். ஒன்றுக்கு மற்றொன்று இடைஞ்சல் என்று அந்த ஒன்பது வருடத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. இப்போது என் பேத்தி உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். (வெளிநாட்டுத் தமிழர்கள் இதைப் படித்தால் குழம்ப வேண்டாம். எங்கள் தீவில் ஏழாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்குக் கல்லூரி என்றுதான் பெயர்.)

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், அதை மனதாரச் சொல்கிறேன். ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, அறிவியல், கணினி எல்லாம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும். உங்களிடம் என் பேத்தி கற்றது வேறு. தவக்காலத்தில் வீட்டிலிருந்து அரிசியும் எண்ணெயும் எடுத்துப் போகிறாள். யாருக்குப் போகிறது என்று கேட்டால், “அதைக் கேட்கக் கூடாது பாட்டி, கொடுத்துவிட வேண்டும்” என்கிறாள். உடம்பு சரியில்லாமல் வராத தோழிக்கு அன்றைய பாடத்தைக் கையால் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கிறாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று பெற்றவர்கள் பயந்துகொண்டிருக்கும் காலம் இது. ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான அந்த மூன்று வருடத்தை நீங்கள் வீணாக்குவதில்லை.

அதே மூன்று வருடத்தில்தான் அவளுடைய தமிழ் கரைந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆறாம் வகுப்புத் தேர்வில் தமிழையும் ஒரு பாடமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். அந்த வருடத்து நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்வதெழுதுதல்: மழை, வாழை, பழம், தமிழ். அத்தனை ழகரமும் அச்சில் வார்த்தது போல இருக்கும். இந்த வருடப்பிறப்புக்கு அவளே வண்ணம் தீட்டி எனக்கு ஒரு அட்டை கொடுத்தாள். அதில் ‘பாட்டிக்கு வால்த்துக்கள்’ என்று எழுதியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து எனக்குத் திருத்த மனம் வரவில்லை. அட்டையை வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரண்டே வருடம்தான் ஆகிறது.

ஏழாம் வகுப்பில் சேர்ந்தபோது தமிழ் கேட்டோம். ஆறு பிள்ளைகள்தான் கேட்கிறார்கள், ஆறு பேருக்கு ஆசிரியர் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, அந்த நேரத்தில் அவள் என்ன செய்கிறாள்? கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிறார்கள், வேறு மொழி எடுத்தவர்கள் அந்தந்த வகுப்புக்குப் போகிறார்கள். இந்த ஆறு பேரும் நூலகத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். வாரத்தில் மூன்று முறை.

இந்த வருடக் காவடிக்கு அவள் பத்து நாள் விரதம் இருந்தாள். நற்பண்பு வகுப்பு எடுக்கும் ஆசிரியை, அவரும் கத்தோலிக்கர்தான், அதைக் கவனித்து, “காவடியைப் பற்றி நீயே வகுப்புக்குச் சொல்லேன்” என்றாராம். எவ்வளவு பெரிய மனது! இவளும் பிரெஞ்சில் அழகாகச் சொல்லியிருக்கிறாள். பால்செம்பு, அலகு குத்துவது, ஆணிச் செருப்பு, காவடியில் கட்டும் எலுமிச்சம்பழம் ஒன்றையும் விடவில்லை. அப்போது ஒரு தோழி எழுந்து, நீங்கள் பாடிக்கொண்டே போகிறீர்களே, அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள். இவளுக்குத் தெரியவில்லை. கோயிலில் ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் இவர்கள் பாடுகிறார்கள். வரி வரியாக மனப்பாடம், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. அன்று மாலை பையைக்கூட இறக்காமல் என் எதிரே வந்து நின்று, “அரோகரான்னா என்ன பாட்டி?” என்று கேட்டாள்.

தன் சமயத்தைப் பற்றிப் பேச அவளுக்கு இடம் கொடுத்தது உங்கள் கல்லூரிதான். அந்த இடத்தில் நின்று பேசுவதற்கு வேண்டிய மொழியையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது உங்கள் மரபுக்கு அந்நியமான காரியம் இல்லை. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’. 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அது ஒரு கத்தோலிக்க மறைக்கல்வி நூல். அதைத் தமிழில் கொண்டுவந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் ஓர் இயேசு சபைப் பாதிரியார். நம் பிள்ளைகள் இன்று எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வேறுபடுத்தி எழுதும் முறை, இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். இதை நான் முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கத்தோலிக்கப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? போர்ட் லூயிஸின் சேன்ட்-குருவாவில் நம்முடைய லவால் பாதிரியாரின் (‘பேர் லவால்’ என்போம்) கல்லறை இருக்கிறது. 1841-இல் இங்கே வந்து இறங்கியவர், விடுதலையான அடிமைகளிடம் அவர்கள் பேசிய, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியைக் கற்றுக்கொண்டு, அதிலேயே எளிய மறைக்கல்வி தந்தார். செப்டம்பர் 8 இரவு அவர் கல்லறைக்கு நடந்து போகும் கூட்டத்தில் என் அம்மா வருடம் தவறாமல் போவார், நெற்றியில் விபூதியோடு. யாரும் அவரை ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல்தானே, தமிழ் எங்கே பேசுகிறார்கள் என்பீர்கள். உண்மை. என் வீட்டிலும் கிரியோல்தான், நடுநடுவே கொஞ்சம் தமிழ். கிரியோலுக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் வீட்டில் இல்லாத ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்குத்தானே பள்ளிக்கூடம்? பேத்தி தால்பூரி வாங்க நீட்டும் நூறு ரூபாய்த் தாளைப் பாருங்கள். அதில் இருப்பது ரெங்கநாதன் சீனிவாசன், இந்தத் தீவின் தமிழ் வழக்கறிஞர். அந்தத் தாளில் தொகை தமிழ் எழுத்திலும் இருக்கிறது. தினமும் கையில் பிடிக்கிற தாள். அதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும் என்ற நிலைக்கு அவள் போய்க்கொண்டிருக்கிறாள்.

உங்கள் கல்லூரிகளின் இடங்களில் பாதியைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் முறை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2004-இல் எங்கள் நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அப்போது இரண்டு பக்கமும் மனம் நொந்தது. அதைக் கிளற நான் வரவில்லை. கதவு எல்லோருக்கும் திறந்த பிறகு, உள்ளே வந்த பிள்ளை எதைக் கற்கிறது என்பதுதான் என் கவலை.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குத் தமிழ்ப் பாடநூல் இருக்கிறது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் எழுதும் தேசியத் தேர்வில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாம், அப்புறம் எஸ்.சி., எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வுகள் வரை கொண்டுபோகலாம். நடுவில் இந்த மூன்று வருடம் அறுந்தால் பிறகு ஒட்டாது. ஒரு கல்லூரியில் ஆறு பேர் என்றால், பக்கத்துக் கல்லூரியிலும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ரோஸ்-ஹில்லுக்கும் காத்ர்-போர்னுக்கும் மெட்ரோவில் சில நிமிடம். இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். அவர் நாள் மாற்றி நாள் ஒவ்வொரு கல்லூரிக்கும் போகட்டும்.

ஜனவரியில் புது வருடம் தொடங்கும். அதற்கு முன் பெற்றோருக்குக் கொடுக்கும் விருப்பப் பாடப் படிவத்தில் ‘தமிழ்’ என்று ஒரு கட்டம் அச்சிடுங்கள். எத்தனை பேர் குறிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆசிரியர் கிடைக்கும்வரை செவ்வாய், வியாழன் மதியங்களில் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். கரும்பலகையும் அந்த நூலகத்தில் ஒரு மூலையும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ரோஸ்-ஹில்