எதுடா சிவப்பு? டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கடைக்கும் குடோனுக்கும் கிளினிக்குக்கும் டெஸ்க்டாப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் கூட்டம்தான். பதினைந்து வருடமாக பில்லிங், ஸ்டாக் என்று எழுதிப் பிழைக்கிறேன். லிஸ்டில் இருக்கும் ஒரு வரிக்கு எழுத்து நிறம் மாற்றுவது பற்றித்தான் இந்த மடல். இதற்கெல்லாம் ஒரு மடலா என்று சிரிக்காதீர்கள். ஒரே வரியில் முடிகிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மதுரையில் என் சித்தப்பா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். அவருக்காக க்யூட்டியில் (டெஸ்க்டாப் திரைகள் கட்ட உதவும் ஒரு டூல்கிட்) ஒரு ஸ்டாக் புரோகிராம் எழுதினேன். எக்ஸ்பைரிக்கு மூன்று மாதமே இருக்கும் மருந்துகள் சிவப்பு எழுத்தில் வரும், மற்றவை கறுப்பில். சிவப்பாக இருப்பதை முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஸ்டாக்கிஸ்ட் ரிட்டர்ன் எடுத்துக்கொள்வார். தேதி தாண்டிவிட்டால் நஷ்டம் நம் தலையில். ஆறு மாதம் கழித்துக் கடைக்குப் போனால், கவுண்டருக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய தேதி போன மாத்திரை அட்டைகள்.

"சித்தப்பா, லிஸ்ட்ல சிவப்பா காட்டியிருக்குமே, பாக்கலியா?"

மானிட்டருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "எதுடா சிவப்பு? எல்லாம் கறுப்பாத்தான இருக்கு."

அவர் விளையாடவில்லை. சிவப்பு-பச்சை நிறக்குறைபாட்டில் ஒரு வகைக்குச் சிவப்பு வெளிச்சம் கண்ணில் மங்கிவிடும். வெள்ளைத் திரையில் மெல்லிய சிவப்பு எழுத்தும் கறுப்பு எழுத்தும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அறுபது வயது வரை தனக்கு இது இருப்பதே சித்தப்பாவுக்குத் தெரியாது. சிக்னலில் மேல் விளக்கு எரிந்தால் நிற்பார், கீழ் விளக்கு எரிந்தால் கிளம்புவார், அவ்வளவுதான். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. ஆசியாவில் கொஞ்சம் குறைவு. மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவர்களில் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுவதுதான் நல்லது.

சரி, சிவப்பை மாற்றினால் போதாதா? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி. இணையப் பக்கங்களுக்காக எழுதியது என்றாலும் டெஸ்க்டாப்புக்கும் அதே கண்தானே. வெள்ளைமேல் அப்பட்டமான சிவப்பு ஏறக்குறைய 4-தான் வருகிறது. அடர்த்தியாக்கினால் 6-ஐத் தாண்டி, நமக்கு நன்றாகப் படிக்க வரும். ஆனால் அடர்த்தியாக்க ஆக்க சித்தப்பா கண்ணுக்கு அது இன்னும் கறுப்பாகிறது! வெளிறிய சிவப்பாக்கினால் அவருக்கு வித்தியாசம் தெரியும், கடைப் பையனுக்குப் படிக்க வராது. ஆக, எழுத்து நிறத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

இன்னொரு கூத்து, வரியைத் தேர்ந்தெடுக்கும்போது நடப்பது. க்யூட்டியில் ஒரு ஐட்டத்துக்கு செட்ஃபோர்கிரவுண்ட் (எழுத்து நிறம் சொல்லும் கட்டளை) கொடுத்துச் சிவப்பாக்குகிறோம். அந்த வரியை கிளிக் செய்ததும் பல ஸ்டைல்களில் பேலட்டில் (தீமின் நிறப் பட்டியல்) தேர்ந்தெடுத்த எழுத்துக்கென்று இருக்கும் ஹைலைட்டட்டெக்ஸ்ட் நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும், நாம் கொடுத்த சிவப்பு போய்விடும். எந்த மருந்தைப் பற்றி எச்சரிக்க நினைத்தோமோ, அதைத் தொட்ட உடனே எச்சரிக்கை மறைகிறது.

மைக்ரோசாஃப்ட்டின் டூல்கிட்டான விண்டோஸ் ஃபார்ம்ஸில் இதற்கு நேர் எதிர். அங்கே லிஸ்ட்பாக்ஸில் தனித்தனி வரிக்கு நிறம் கொடுக்க வழியே இல்லை. டிராமோடை ஓனர்டிராவுக்கு மாற்றி, டிராஐட்டம் நிகழ்வில் நாமே வரைய வேண்டும். அவசரத்தில் எப்போதும் சிவப்பு பிரஷ் என்று எழுதி வைப்போம். தேர்ந்தெடுத்த வரிக்கு விண்டோஸ் 10 போடும் நீலத்தின்மேல் அந்தச் சிவப்பு விழுந்தால் விகிதம் 1.1. நல்ல கண் உள்ளவருக்கே எழுத்து நீலத்தில் கரைந்துவிடும். வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பைத்தானில் திரை கட்டும் டிகின்டர் ஆட்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அவர்களின் லிஸ்ட்பாக்ஸில் ஐட்டம்கான்ஃபிக் மூலம் தேர்ந்தெடுத்த வரியின் எழுத்து நிறத்தையும் தனியாகச் சொல்லலாம் என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் பல பத்திகள் கொண்ட பட்டியலான டிரீவியூவில், டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே-யின் 8.6.9 பதிப்பில், வரிகளுக்கு ஒட்டும் டேக் வழியாகக் கொடுத்த நிறங்கள் வேலை செய்யாமலே போயின. தன் நிரலில்தான் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடியவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் டார்க் தீம். வெள்ளைப் பின்னணியை நம்பி எழுத்துக்குக் கறுப்பு என்று கையால் எழுதி வைத்திருந்தால், வாடிக்கையாளர் தீமை மாற்றிய அன்று லிஸ்டே காலியாகத் தெரியும். உங்களுக்கு போன் வரும். எழுத்து நிறத்தைக் கொடுத்தால் பின்னணியையும் சேர்த்துக் கொடுங்கள். முடியாவிட்டால் இரண்டையும் பேலட்டிடமே விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் கொடுப்பதால்தான் இந்தத் தொல்லையெல்லாம். விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் (பார்வைக் குறைவுள்ளவர்களுக்கான அழுத்தமான நிற அமைப்பு) போட்டிருப்பவரிடம் நம் நிறத்தையே காட்டக் கூடாது. அவர் தனக்கு என்ன தெரியும் என்று பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

சித்தப்பா கடையில் கடைசியில் செய்தது இதுதான். எக்ஸ்பைரி நெருங்கியவை லிஸ்டின் உச்சிக்கு வரும். பெயருக்கு முன்னால் "23 நாள்" என்று தடித்த எழுத்தில் இருக்கும். நிறமும் இருக்கிறது, வெளிர் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஆனால் நிறத்தை எடுத்துவிட்டாலும் சேதி நிற்கும். மஞ்சள் மேலே ஏறிய முதல் நாளே எட்டு அட்டைகளை ரிட்டர்ன் பெட்டியில் போட்டார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை கடைக்கு செட்டப் கொடுக்கும் முன் விண்டோஸ் செட்டிங்ஸில் கலர் ஃபில்டர்ஸுக்குப் போய் கிரேஸ்கேல் போடுங்கள், திரை முழுக்க சாம்பல் நிறமாகிவிடும். உங்கள் லிஸ்டைத் திறந்து, எந்த மருந்தை இன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வரியை கிளிக் செய்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்