ஆறே முக்கால் பூவுக்கு நாலு மதிப்பெண்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் கணித ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ஏழாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாளைத் திருத்தி, பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்கு அனுப்பியது நீங்கள்தான். அதில் எந்தக் கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் கேட்டபோது, "விடைக்குறிப்புல இருக்கிறதைத்தான் பார்க்க முடியும் சார்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

கேள்வி ஊரறிந்த புதிர்க்கணக்கு. ஒருவர் கொஞ்சம் பூ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். குளத்தில் நனைத்தால் பூ இரட்டிப்பாகும். குளத்தை அடுத்த கோயிலில் எட்டுப் பூ வைக்கிறார். இப்படி மூன்று குளம், மூன்று கோயில். முடிவில் கையில் ஒரு பூவும் மிச்சமில்லை. எத்தனை பூவோடு கிளம்பினார்?

என் மகள் கடைசிக் கோயிலிலிருந்து பின்னோக்கி வந்திருக்கிறாள். கையில் 0. வைத்த எட்டைத் திரும்ப எடுத்தால் 8, குளத்துக்கு முன் அதில் பாதி 4. எட்டைக் கூட்டினால் 12, பாதி 6. மறுபடி எட்டைக் கூட்டினால் 14, பாதி 7. ஏழு பூ. ஓரத்தில் 7, 14, 6, 12, 4, 8, 0 என்று சரியும் பார்த்திருக்கிறாள். அதன் கீழே சிவப்பு மையில் "எக்ஸ் எங்கே?" என்று எழுதி, ஐந்துக்குப் பூஜ்யம்.

அவள் வகுப்புப் பையன் ஒருவன் எக்ஸ் போட்டு 2(2(2x − 8) − 8) − 8 = 0 என்று சமன்பாடு எழுதினான். விரித்தால் 8x = 32 + 16 + 8. அந்த மூன்றையும் கூட்டுவதில் சறுக்கி, 56-க்குப் பதில் 54 என்று போட்டுவிட்டான். விடை 6.75. ஆறே முக்கால் பூ! கோயில் வாசலில் இதழ் பிய்த்துக் கணக்குப் பார்த்தார் போலிருக்கிறது. அதற்கு நான்கு மதிப்பெண். அவனுக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படிக்குப் படி மதிப்பெண் தருவது நல்ல வழக்கம். அதே வழக்கப்படி என் மகளின் ஆறு படிகளையும் படித்துப் பார்த்திருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

இது குருட்டாம்போக்கில் வந்த விடை இல்லை. போகும்போது முதலில் இரட்டிப்பு, பிறகு எட்டைக் கழிப்பது. திரும்பும்போது முதலில் எட்டைக் கூட்டி, பிறகு பாதியாக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, முதலில் பாதியாக்கிவிட்டு எட்டைக் கூட்டினால் விடை 14 என்று வரும். பிள்ளைகள் தடுமாறுவதே இந்த இடத்தில்தான்; அவள் தடுமாறவில்லை. உங்கள் சமன்பாட்டையே அடைப்புக்குறிகளைப் பெருக்கி விரிக்காமல் வெளியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். அதே 8, 4, 12, 6, 14, 7 அதே வரிசையில் வரும். வினாத்தாளில் "சமன்பாடு அமைத்துத் தீர்க்க" என்று இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "எத்தனை பூக்கள்?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள்.

பெருக்கியதை வகு, வகுத்ததைப் பெருக்கு, கூட்டியதைக் கழி, கழித்ததைக் கூட்டு என்று இந்தத் தலைகீழ் முறையை கி.பி. 499-லேயே ஆரியபட்டர் ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் சொல்லிவிட்டார். உங்கள் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் அவருக்கும் பூஜ்யம்தான்.

மதிப்பெண் போனதைவிட எனக்கு உறைப்பது வேறு. முன்பெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு "சரியாப்பா?" என்று கேட்பாள். இப்போது "இப்படிப் போட்டா மிஸ் ஒத்துக்குவாங்களா?" என்கிறாள். ரஃப் நோட்டில் தன் வழியில் விடையைக் கண்டுபிடிக்கிறாள். ரப்பரால் அதை அழித்துவிட்டு, நல்ல நோட்டில் "எக்ஸ் என்க" என்று தொடங்கி, தெரிந்த விடைக்கு ஒரு வழியை ஜோடிக்கிறாள். பன்னிரண்டு வயதில் இந்தச் சாமர்த்தியம் அவளுக்கு எதற்கு?

பாடநூலின் கடைசியில் புதிரும் விளையாட்டுமாக வரும் தகவல் செயலாக்கம் இயலை "லீவுல வீட்டுல பார்த்துக்கோங்க" என்று தள்ளிவிட்டீர்கள். ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 வந்தால் மட்டும் அவர் படமும், அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் எண்ணான 1729-ம் சார்ட் பேப்பரில் தொங்கும். அந்தச் சார்ட் வாங்கும் காசும் எங்களுடையது. மாலையில் அதே வகுப்பறையில் நடக்கும் அபாகஸ் வகுப்புக்கான கட்டணமும் எங்களுடையது. தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-ல் கண்ட 6174 என்ற எண் வேடிக்கைக்கு ஒரு பைசா செலவில்லை. 3524-ன் இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழித்தால் 3087. மறுபடி செய்தால் 8352. மறுபடி செய்தால் 6174. அதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் அதேதான். ஒரு பீரியட் விட்டால் பிள்ளைகளே வேறு வேறு எண்ணில் போட்டுப் பார்ப்பார்கள்.

எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது சின்ன விஷயம். அந்த ஒரு கேள்வியை, எக்ஸ் போடாமல் விடை கண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி திருத்துங்கள். அரையாண்டுத் தேர்வுக்கான விடைக்குறிப்பில் "வேறு சரியான முறைக்கும் முழு மதிப்பெண்" என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

விடைத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் மறுநாளே கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை