‘நவ்’ என்று கேட்டுவிட்டு மதிப்பெண்ணைக் கழிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆங்கில விடைத்தாளோடு வந்து, “டீச்சர், இது தப்பா?” என்று கேட்டாள். ‘இஃப் யூ ஹேட் ஸ்லெப்ட் வெல் லாஸ்ட் நைட், யூ ... டயர்ட் நவ்’ என்பது கேள்வி. அவள் ‘வுட் நாட் பீ’ என்று நிரப்பியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, ‘வுட் நாட் ஹேவ் பீன்’ என்று திருத்தி, ஒரு மதிப்பெண்ணைக் கழித்திருந்தார்கள்.

அவள் எழுதியதுதான் சரி. தூங்காதது நேற்று, சோர்வு இப்போது. நிபந்தனை ஒரு காலத்திலும் விளைவு இன்னொரு காலத்திலும் நிற்கும் இந்த வாக்கியத்துக்கு இலக்கண நூல்களில் ‘மிக்ஸ்ட் கண்டிஷனல்’ என்று பேரே இருக்கிறது. ஆனால் நோட்ஸில் ‘இஃப்’ வாக்கியங்கள் மூன்று வகைதான். முன்பாதியில் ‘ஹேட் ஸ்லெப்ட்’ வந்தால் பின்பாதியில் ‘வுட் ஹேவ்’, அவ்வளவுதான். கடைசியில் நிற்கும் ‘நவ்’வை யார் பார்க்கிறார்கள்? இருபத்தாறு வருஷம் நானும் கரும்பலகையில் அதே கட்டத்தைப் போட்டவள்தான், மறைக்கவில்லை.

வீட்டில் பேசும் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவதுதான் கோளாறு என்று இப்போது தோன்றுகிறது. ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்கிறோம். மழை நாளைக்கு, வடிவமோ ‘பெய்தது’ பக்கம் சாய்ந்து நிற்கிறது. நமக்கு அது உறுத்துவதே இல்லை. அப்படியிருக்க, ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ்’ என்பதில் இறந்தகாலம் ஏன் என்று பிள்ளைகள் ஏன் மிரள வேண்டும்? ‘வந்திருந்தால் கொடுத்திருப்பேன்’ என்பதோ ‘ஹேட் கம்’, ‘வுட் ஹேவ் கிவன்’ இரண்டுக்கும் நேர் ஜோடி.

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்று ஒருவர் சொன்னால், இருக்கலாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா? முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைச்சொல் செய்ய வேண்டும். ‘ஹேவ்... வில்’ என்றால் பையைத் துழாவிப் பார்க்கப்போகிறார், ‘ஹேட்... வுட்’ என்றால் பை காலி என்று அவருக்கே தெரியும். வகுப்பு நேரத்தை இதற்குச் செலவழிக்கலாம். ‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’ வரவே கூடாது என்ற கட்டளையையும் கொஞ்சம் தளர்த்தலாம். ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ என்பது மரியாதையான பேச்சு, பிழை இல்லை.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள் வாக்கியத்தைக் கடைசிச் சொல்வரை படித்துவிட்டு எழுதினால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம், “போய் மதிப்பெண்ணைக் கேள்” என்றேன். “கேட்டா திட்டுவாங்க டீச்சர்” என்றாள். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இஃப் ஐ ஆஸ்க்ட், ஷீ வுட் ஸ்கோல்ட் மீ” என்றாள். ‘ஆஸ்க்’ இல்லை, ‘ஆஸ்க்ட்’. சரி, கேட்கப்போவதில்லை என்று புரிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மன்னார்குடி