எம்.எஸ். உள்ளவர்களும் பாரம் தூக்கலாம்

ஆசிரியருக்கு,

உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (எம்.எஸ்.) பற்றி வந்த கட்டுரைக்கு நன்றி. மூளையிலும் முள்ளந்தண்டிலும் நரம்புகளைச் சுற்றியுள்ள பாதுகாப்பு உறை பழுதாகும் வருத்தம் இது, நம் நாட்டில் அதிகம் காணப்படுவதில்லை. தமிழில் இதைப் பற்றி வாசிக்கக் கிடைப்பதே அருமை. ஆனால் உடம்பை வருத்தாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று அதை முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரி வீட்டில் எனக்குப் பெரிய வில்லங்கமாகிவிட்டது. எனக்கு எம்.எஸ். இருக்கிறது. வெள்ளவத்தையில், லிஃப்ட் இல்லாத தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருந்து ரியூஷன் கொடுக்கிறேன். பத்திரிகையைக் கையில் பிடித்தபடியே மாமி சொல்லிவிட்டார்: "பிள்ளை, இனி அந்த எக்சர்சைஸ் ஒன்றும் வேண்டாம்."

இந்த ஓய்வு ஆலோசனைக்கு ஒரு பழைய கதை உண்டு. உடற்பயிற்சி செய்த பிறகு சில எம்.எஸ். நோயாளிகளின் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் உட்ஹோஃப் என்ற ஜேர்மன் கண் மருத்துவர் 1890இல் எழுதிவைத்தார். காரணம் பயிற்சி அல்ல, உடம்பில் ஏறும் சூடு என்பது பிறகுதான் தெரியவந்தது. மயலின் என்ற அந்த உறை பழுதான நரம்பு, கொஞ்சம் சூடேறினாலே செய்தி கடத்தத் தடுமாறும். உடம்பு குளிர்ந்தால் பழையபடி ஆகிவிடும், புதிதாகச் சேதம் ஏதும் வருவதில்லை. அப்படியிருந்தும் பல பத்தாண்டுகளாக நோயாளிகளை அசையாமல் இருக்கத்தான் சொன்னார்கள். பயிற்சி இந்த நோயாளிகளுக்கு நன்மையே தருகிறது என்று காட்டிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு 1996இல் வெளிவந்த பிறகே அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. 2013இல் கனடாவில் வெளியான வழிகாட்டல், இலேசான அல்லது நடுத்தர அளவு பாதிப்புள்ளவர்கள் வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்குப் பலப்பயிற்சி செய்ய வேண்டும் என்றே சொல்கிறது.

பாரம் தூக்கினால் நரம்பு குணமாகாது. அப்படிச் சொல்லிப் பணம் பறிப்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் என் காலில் இருந்த பலவீனம் முழுவதும் நோயால் வந்ததல்ல, படுத்தே கிடந்ததால் தசை இளைத்ததிலும் ஒரு பங்கு இருந்தது என்று பிசியோதெரபிஸ்ட் விளங்கப்படுத்தினார். அந்தப் பங்கைத் திருப்பி எடுக்கலாம்.

அவர் போட்டுத்தந்த பயிற்சி ஒன்றும் பெரிய வித்தையில்லை. கைபிடியில்லாத கதிரையில் இருந்து எழும்பி, மெதுவாக இருப்பது. குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துவது. றப்பர் பட்டியைக் கதவுப்பிடியில் கட்டி இழுப்பது. தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குவது. பத்து முதல் பதினைந்து தடவை செய்ததும் ஓரிரு நிமிடம் இருந்து ஆறி, இன்னொரு சுற்று. சுகமாகச் செய்ய முடிந்த பிறகுதான் பாரத்தைக் கூட்டுவது. என் இடது கால்தான் மோசம் என்பதால் முதலில் அதற்கு, வலதுக்குப் பிறகு. கால் நடுங்கி, நிலை குலையத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் கட்டாயம் இடைவெளி. காய்ச்சல் இருந்தாலோ வருத்தம் புதிதாகக் கிளம்பியிருந்தாலோ தொடவே மாட்டேன். பயிற்சிக்குப் பிறகு வரும் தடுமாற்றம் ஆறினதும் போய்விட வேண்டும். ஒரு நாள் கடந்தும் நின்றால் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

கொழும்பு வெக்கையில் இதெல்லாம் சரிவருமா என்று கேட்பீர்கள். நடப்பதை விட எனக்கு இதுதான் சரிவருகிறது. காலி வீதியில் பத்து மணி வெயிலில் நடந்தால் கால் மரக்கட்டையாகிவிடும். பலப்பயிற்சியில் இடையிடையே ஆறுவதால் சூடு அவ்வளவாக ஏறுவதில்லை. அதிகாலையில், ஃபேனுக்கு நேரே, ஈரத்துவாயைக் கழுத்தில் போட்டு, ஐஸ் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வேன். 2022இல் கரண்ட் வெட்டிய நாட்களில் பட்ட பாடு வேறு கதை.

வீட்டில் செய்யக்கூடியதற்கு ஒரு எல்லை உண்டு. கால் அழுத்தும் மெஷின் வேண்டுமென்று பக்கத்து ஜிம் ஒன்றுக்குப் போனேன். நோயின் பெயரைக் கேட்டதும், விழுந்தால் யார் பொறுப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டொக்டரின் கடிதத்தைக் காட்டியும் பயனில்லை. விழுகிற பயம் நியாயமானதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இருந்தபடி செய்யும் மெஷினில் ஆள் விழுவது எப்படி? ஜிம் நடத்துபவர்கள் கூட்டமில்லாத காலை நேரத்தில் ஒரு மணித்தியாலம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கலாம். படியேறாத கீழ்த்தளமாக இருந்தால் இன்னும் நல்லது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த வருத்தத்தைப் பற்றிப் போடும்போது ஒரு பிசியோதெரபிஸ்டை எழுதச் சொல்லுங்கள், பயிற்சிகளைப் படம் போட்டுக் காட்டுங்கள். நான் சொன்னவை எழுந்து நிற்க முடிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் என்ன செய்யலாம் என்பதையும் அதில் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06