பாப்பாவுக்கு, ஸ்பிதி போகும் முன்

குடியாத்தம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சேலத்திலிருந்து பீரோவும் கட்டிலும் வந்து இறங்கிவிட்டன. வண்டி வாடகையை நானே கொடுத்துவிட்டேன். பீரோ சாவி எங்கே என்று அம்மா கேட்டாள், உன்னிடம் இருக்கும் என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

நீ ஹிமாச்சல் மலையில் ஸ்பிதி போகிற விஷயத்தைத் தம்பிதான் சொன்னான். அவனுக்கு நீ அனுப்பியிருந்த திட்டத்தையும் என் போனுக்கு அனுப்பினான். அவனைத் திட்டாதே, நான்தான் கேட்டு வாங்கினேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். உன் சம்பாத்தியம், உன் லீவு. செப்டம்பரைப் பார்த்துப் போட்டிருக்கிறாய், அது கெட்டிக்காரத்தனம். ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் பக்கம் மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொள்ளும். அக்டோபர் பாதிக்கு மேல் குன்சும் கணவாயில் எந்த நாள் பனி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைச் சரியாகத்தான் போட்டாய். வழிதான் தப்பு.

மணாலியில் ஒரு ராத்திரி, மறுநாள் சந்திரதால் ஏரி என்று எழுதியிருக்கிறாய். மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர். சந்திரதால் 4,300-ஐத் தொடும். ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி, அந்த உயரத்திலேயே படுக்கப் போகிறாய். அடல் சுரங்கம் 2020-இல் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் போவது இன்னும் சுலபமாகிவிட்டது. வண்டி ஏறும் வேகத்துக்கு உடம்பு ஏறாது, பாப்பா. காற்றில் ஆக்ஸிஜன் குறைந்ததை உடம்பு தெரிந்துகொண்டு, மூச்சைக் கூட்டி, ரத்தத்தைச் சரிசெய்துகொள்ள நாள்கணக்கில் ஆகும். முதல் நாள் சாயங்காலம் ஒன்றும் தெரியாது. ஏரியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருப்பாய். ராத்திரிதான் காட்டும்.

கணக்கு இதுதான். 3,000 மீட்டரைத் தாண்டியபின், படுக்கிற இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு தரம் அதே இடத்தில் இன்னொரு ராத்திரி. பகலில் மேலே ஏறிப் பார்க்கலாம். படுக்கும்போது இறங்கி வந்துவிட வேண்டும்.

ஆகவே சிம்லா வழியாகப் போ. முதல் ராத்திரி சிம்லா அல்லது நார்கண்டா. பிறகு ராம்பூர் வழியாக ரெக்காங் பியோ, அதற்கு மேலே கல்பா. கல்பா 2,960 மீட்டர், அங்கே இரண்டு ராத்திரி. பியோவிலிருந்து ஸ்பிதியின் பெரிய ஊரான காஸாவுக்கு அரசு பஸ் விடியற்காலையில் கிளம்பும். முந்தின நாள் சாயங்காலமே ஸ்டாண்டில் போய் நேரத்தைக் கேட்டு வை. பாதி வழியில் காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அதைத் தாண்டினால் வளைந்து வளைந்து ஏறி நாக்கோ வரும். எல்லோரும் அங்கே தங்குவார்கள், ஏரி இருக்கிறது என்று. நீ தங்காதே. நாக்கோ 3,600-க்கு மேல். அதைத் தாண்டி அடுத்து வருகிற தாபோ 3,280தான். வரைபடத்தில் தாபோ உள்ளே இருப்பதால் அதுதான் உயரம் என்று நினைக்கத் தோன்றும். கல்பாவிலிருந்து நேரே தாபோ போய்விட்டால், தூங்குகிற உயரம் 320 மீட்டர்தான் கூடும். தாபோவில் இரண்டு ராத்திரி. நடுவில் ஒரு பகல் தங்கர் போய் வா. அது சுமார் 3,900. ஸ்பிதியின் பழைய தலைநகரம், மண் செங்குத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மடம். அதன் பிறகு காஸா, ஏறக்குறைய 3,700. காஸாவில் குறைந்தது மூன்று ராத்திரி. கீ மடம், லாங்ஸா, ஹிக்கிம், 4,500-க்கு மேல் இருக்கிற கோமிக் எல்லாவற்றையும் பகலில் பார்த்துவிட்டு காஸாவுக்கே வந்து படு.

உனக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. மலைக்குப் போகிறவர்களுக்கு அசெட்டசோலமைடு மாத்திரை கொடுப்பார்கள். 250 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, காலையும் இரவும், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கணும். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். அதெல்லாம் பயப்படுகிற விஷயம் இல்லை. ஆனால் இது சல்ஃபா குடும்பத்து மருந்து. நாலாம் வகுப்பில் உனக்கு சல்ஃபா கொடுத்து உடம்பெல்லாம் தடித்ததை மறந்துவிடாதே. அப்படி வந்தவர்களுக்கெல்லாம் இதுவும் சேராது என்று சொல்ல முடியாது. ஆனாலும் முதல் தடவையாக மலை மேலே போய்ப் போட்டுப் பார்க்கக்கூடாது. கிளம்பும் முன் பெங்களூரிலேயே ஒரு டாக்டரிடம் இந்த அலர்ஜியைச் சொல்லிக் கேள். வேண்டாம் என்றால் உனக்கு மருந்து, மெதுவாக ஏறுவது ஒன்றுதான்.

தலைவலி வரும். 3,500-க்கு மேல் பாதிப்பேருக்கு ஏதோ ஒன்று வருகிறது. பாராசிட்டமால் ஒன்று போட்டு, தண்ணீர் குடித்து, அன்று அங்கேயே இரு, மேலே ஏறாதே. தலைவலியோடு குமட்டல், சாப்பாடு இறங்காதது, எழுந்திருக்க மனமில்லாத அசதி சேர்ந்தால் அது மலைநோய். 'பஸ்ஸில் வந்த களைப்பு', 'மோமோ ஒத்துக்கலை' என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொள்ளாதே. மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடினால் அன்றே கீழே இறங்கு. தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, குதிகால் முன்னே, கட்டைவிரல் பின்னே என்று ஒட்டி ஒட்டிப் பத்தடி நட. தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், வறட்டு இருமல் வந்து ராத்திரியில் அதிகமானால், நுரையீரலில் நீர். இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் வண்டி பிடித்து இறங்க வேண்டும். காஸா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைப்பார்கள், அது இறங்குகிற வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான். கடையில் விற்கிற ஸ்பிரே டப்பா ஆக்ஸிஜன் சில நிமிஷத்தில் தீர்ந்துபோகும், அதை நம்பாதே. தூக்க மாத்திரை கூடவே கூடாது, மூச்சை இன்னும் குறைக்கும். வீடுகளில் தங்கினால் சாங், அரக் என்று வீட்டு மதுவை அன்பாக ஊற்றுவார்கள். முதல் நான்கு நாள் வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்லிவிடு. வெண்ணெய் டீ குடி, நல்லது.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற ஆக்ஸிமீட்டர் ஒன்று அனுப்புகிறேன். விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, ஒரு நிமிஷம் அசையாமல் இரு. காஸாவில் 88, 90 என்று காட்டினால் பதறாதே, அந்த உயரத்துக்கு அது சாதாரணம். நேற்றைவிட இன்று இறங்குகிறதா என்று பார். நம்பர் நன்றாக இருந்து உடம்பு சரியில்லை என்றால் உடம்பை நம்பு.

மறுபடி சொல்கிறேன், தலைவலி வந்தால் மறைக்காதே. கூட வருகிறவர்களிடம் சொல். வீட்டுக்காரம்மாவிடம் சொல். பயணம் கெட்டுவிடுமே, மற்றவர்களுக்குச் சிரமமாகுமே என்று நினைத்துப் பேசாமல் படுத்துக்கொள்கிறவர்களைத்தான் காலையில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். பட்டாளத்தில் நர்ஸிங் அசிஸ்டென்டாக இருந்த பதினேழு வருஷத்தில் எத்தனையோ பையன்களிடம் இதையேதான் சொன்னேன். உனக்கு மட்டும் வேறு மாதிரி சொன்னேன். கல்யாணமான மூன்றாம் மாதம் நீ வந்தபோது, தலை வலிக்குதுப்பா, அங்கே தூக்கமே வரமாட்டேங்குது என்றாய். எத்தனை நாளாக, எங்கே, எப்படி என்று கேட்கத் தெரிந்தவன் நான். கேட்கவில்லை. ஒரு மாத்திரை கொடுத்து, பொறுத்துக்கோம்மா எல்லாம் பழகிடும் என்று சொல்லி, மறுநாள் காலை சேலம் பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு நாலு வருஷம் நீ எனக்கு எதுவும் வலிப்பதாகச் சொல்லவே இல்லை. தப்பு என்னுடையது, பாப்பா. உன்னுடையது கொஞ்சம்கூட இல்லை.

தாபோவைப் பற்றி எழுதணும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறாள்.

மேற்குத் திபெத்தில் இருந்த கூகே நாட்டு அரசர் யெஷே ஓ 996-இல் கட்டிய பௌத்த மடம் அது. அங்கே பெரிய மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போவின் பேரையும் சேர்த்துச் சொல்வார்கள். 46 வருஷம் கழித்து அதே வம்சத்து ஜங்சுப் ஓ அதைப் புதுப்பித்தார். வெளியிலிருந்து பார்த்தால் மண் சுவர், தட்டைக் கூரை, அவ்வளவுதான். நம் பக்கத்துக் கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதுதானா என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுவார்கள். நீ நேரம் எடுத்துக்கொள். பெரிய மண்டபத்துக்கு துகாங் என்று பெயர். உள்ளே கும்மிருட்டு. வாசலில் கண்ணை மூடி நின்று, இருட்டுக்குப் பழகியபின் போ. சின்ன டார்ச் வேண்டும். நடுவில் நாலு திசையும் பார்க்கிற வைரோசன புத்தர். சுவரைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக 32 சுதைச் சிலைகள், காலடியில் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் உட்கார்ந்திருப்பது போல. எல்லாம் மண்ணும் வண்ணமும்தான். 1975 ஜனவரியில் வந்த பூகம்பத்தைத் தாண்டி நிற்கிறது. உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள், கெஞ்சாதே. முதுகுப் பையை வெளியிலேயே வைத்துவிடு. திரும்பும்போது பை உரசினால் ஆயிரம் வருஷத்து வண்ணம் பொடியாக உதிரும். சுற்றுவது நம் கோயில் மாதிரியே வலமாக.

கிழக்கு வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம், சிலைகளுக்குக் கீழே, சின்னச் சின்னக் கட்டங்களாக ஓவியம் ஓடும். அதுதான் சுதனனின் கதை, கண்டவியூக சூத்திரம் என்கிற பௌத்த நூலில் வருவது. வியாபாரி மகன் ஒருவன் ஞானம் தேடி ஒவ்வொரு ஆசிரியராகப் போய்ப் பார்க்கிறான். மாலுமி, ராணி, பிக்குணி, தாசி, வாசனைத் திரவியம் விற்கிறவர் என்று யாரும் பாக்கியில்லை. அதில் ஒருவர் மேகன் என்கிற திராமிடன், வஜ்ரபுரத்தில் எழுத்துக்களைப் பற்றிப் பாடம் சொல்கிறவர். ஆமாம், நம் பக்கத்து ஆள்! ஞானம் தேடிப் புறப்பட்டிருக்கிறேன் என்று அந்தப் பிள்ளை சொன்னதும், மேகன் ஆசனத்திலிருந்து இறங்கி வந்து அவன் முன்னே தரையில் விழுந்து வணங்கினார் என்று இருக்கிறது. ஆசிரியர் வணங்குகிறார், மாணவன் நிற்கிறான். எந்தக் கட்டம் அது என்று லாமாவைக் கேட்டுப் பார்.

இதைப் படித்ததிலிருந்து அம்மாவுக்கு மணிமேகலை நினைப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் அந்தப் பாடத்தை நடத்தினவள். மொட்டையடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாளோ என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்து கேட்கிறாள். சும்மா இரு என்று சொன்னேன். நீ போட்ட திட்டத்தில் திரும்புகிற டிக்கெட் இல்லை என்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

மற்ற ஊர்கள் உனக்கே தெரியும். கியூவில் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிற லாமாவின் உடலைப் பார்க்கலாம், பத்து நிமிஷம் போதும். லாங்ஸாவில் பிள்ளைகள் சுருள் சுருளான புதைபடிவக் கல் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த மண் அது. பார்த்துவிட்டுக் கொடுத்துவிடு, வாங்காதே. கிராமத்து வீடுகளில் கக்கூஸ் தண்ணீர் இல்லாதது. போய்விட்டுப் பக்கத்தில் இருக்கிற மண்ணையோ சாம்பலையோ ஒரு வாரு தள்ளிவிடு, தண்ணீர் ஊற்றினால் அவர்களுக்கு உரம் கெட்டுப்போகும். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. அதனால் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பைக் கேட்டுச் சாப்பிடு. காஸாவில் ஏடிஎம் இருக்கிறது, பணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. சில்லறை நோட்டாகக் கையில் வை. எல்லோருக்கும் ஜூலே என்று வணக்கம் சொல்.

திரும்பும்போது மணாலி வழி வா, உடம்பு அதற்குள் பழகியிருக்கும். சந்திரதாலில் தங்க ஆசை இருந்தால் அப்போது தங்கு. ஏரிக்கரையில் கூடாரம் போட விடமாட்டார்கள், தள்ளித்தான் முகாம். காஸாவிலிருந்து கிளம்பினால் குன்சும் கணவாய் தாண்டி இறங்குகிறாய். அங்கே உடம்புக்கு வந்தால் காஸாவுக்குத் திரும்ப மறுபடி 4,550 மீட்டர் கணவாய் ஏற வேண்டும். ஆகவே வந்த வழி போகாதே, பாத்தல், சத்ரு என்கிற இடங்கள் வழியாகக் கீழ்நோக்கிப் போ. அந்த ரோடு பேருக்குத்தான் ரோடு, ஆற்றுக் கல். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற ஓடை, வெயில் ஏறி மேலே பனி உருகினதும் மத்தியானத்துக்குமேல் வண்டியை இழுக்கும். விடியும்போதே கிளம்பிவிடு.

திரும்பும் டிக்கெட் பெங்களூருக்கே போட்டாலும் சரி. காட்பாடிக்குப் போட்டால் எந்த நேரத்து வண்டியானாலும் நான் ஸ்டேஷனில் நிற்பேன். வரும்போது எதுவும் பேச வேண்டாம், தூங்கிக்கொண்டே வா. உன் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். பீரோவைத் திறக்கவில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பொட்டலத்தில் ஆக்ஸிமீட்டர் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன். குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், ராத்திரி பேட்டரியையும் போனையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படு. சாவியை மலைக்கு எடுத்துப் போகாதே, தொலைந்துவிடும்.