உன் புல்லும் எத்தனாலும்

அன்புள்ள முத்துசாமி,

கடிதம் கிடைத்தது. எருமை கிடாரிக் கன்று போட்டதில் ரொம்பச் சந்தோஷம். சீம்பாலுக்குத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. என் மூட்டுவலி அப்படியேதான், அதை விடு.

கோ-5 என்கிற உன் நேப்பியர் தீவனப் புல்லை, எரிபொருள் சாராயமான எத்தனால் செய்யும் ஆலைக்கு விற்கலாமா என்று கேட்டிருந்தாய். 2022-இல் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் திறந்த ஆலை நெல் வைக்கோலை நம்பிக் கட்டியது. நெல்லும் நேப்பியரும் ஒரே புல் குடும்பம்தானே, ஆகவே முடியாதென்று இல்லை. ஆனால் கஷ்டமெல்லாம், சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்ட்டைப் போடுவதற்கு முன்னாலேயே வந்துவிடும். புல்லின் சர்க்கரை செல்லுலோஸ் என்ற நாராக இறுகிக் கிடக்கிறது. அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலி, எல்லாவற்றையும் பசைபோல ஒட்டிப் பிடித்தபடி லிக்னின். அந்தப் பிடியைத் தளர்த்தாமல், நாரைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைமைக் கொட்டினால் காசுதான் கரையும்.

பழைய வழி, நீர்த்த கந்தக அமிலத்தில் 150 டிகிரிக்கு மேல் வேகவைப்பது. ஹெமிசெல்லுலோஸ் சைலோஸ் என்ற சர்க்கரையாகக் கரைந்து வரும். சூடு கொஞ்சம் கூடினாலோ நேரம் நீண்டாலோ அதே சைலோஸ் ஃபர்ஃபியூரால் என்ற நச்சுப் பொருளாக மாறி ஈஸ்ட்டை முடக்கிவிடும். மிச்ச அமிலத்தைச் சுண்ணாம்பால் அடக்கினால் ஜிப்சம் குவியும். போதாததற்கு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் சைலோஸைத் தொடவே தொடாது. மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும்.

எனக்குப் பிடித்தது அம்மோனியா வழி. அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புரூஸ் டேல் குழுவினர் வளர்த்தெடுத்தது. ஈரப் புல்லில் அம்மோனியாவை அழுத்தத்தோடு ஏற்றிச் சட்டென்று திறந்துவிடுவார்கள். நார் உப்பி விரியும், அம்மோனியாவில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். மரத்துக்கு இது அவ்வளவாக எடுபடாது, புல்லுக்கு நன்றாக எடுபடும். இதன் சின்னத் தம்பியைத்தான் நீ கோடையில் செய்கிறாய்! 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைக்கிறாயே, அதிலும் யூரியாவிலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் வேலை செய்கிறது. அவசரமில்லாததால் உனக்குக் கொதிகலன் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

விற்பதைப் பற்றி என் எண்ணம் வேறு. அமெரிக்காவின் அயோவாவில் டூபான்ட் கம்பெனி 2015-இல் மக்காச்சோளத் தட்டைக்காகத் திறந்த பெரிய ஆலையையே 2017-இல் நிறுத்திவிட்டது. உன் புல்லோ 45 நாளில் அறுப்பது. இளசு என்பதால் சுலபமாகப் பிரியும், ஆனால் எடையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். யாராவது விலை பேச வந்தால், பச்சை எடைக்கா உலர்ந்த எடைக்கா, லாரி வாடகை யார் தலையில் என்று முதலில் கேள். பதில் தெளிவாக வரும்வரை புல் எருமைக்கே போகட்டும்.

தை பிறந்ததும் வருகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்